கிணற்றைப் பார்த்து வீடு பிடித்தோம்: கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

ஞாயிறு, ரயிலில்

அம்மாவும் நானும் கொழும்பை விட்டு யாழ்ப்பாணத்தில் குடியேறுவதென்று தீர்மானித்துவிட்டோம். இந்த வாரம் முழுவதும் வீடு பார்க்கப் போகிறோம். பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றைக்கே எழுதி வைக்கிறேன். எங்களைப் போல வாடகையோடு மல்லுக்கட்டும் யாருக்காவது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

காரணம் பணம்தான். 2022 நெருக்கடியில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்தது. பிறகு ஏற்றத்தின் வேகம் தணிந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. 2024 தையில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமானது. வெள்ளவத்தையில் எங்கள் இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டின் வாடகைக்கே என் சம்பளத்தில் பாதி போய்விடுகிறது. நான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். மின்சாரமும் இணையமும் இருந்தால் எந்த ஊரும் எனக்குச் சரி. கடல் அருகில் இருந்தும் கடற்காற்று வராத வீட்டுக்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மாவின் முழங்கால் பஸ்ஸில் இரவு முழுவதும் மடங்கியிருக்கத் தாங்காது. அதனால் கோட்டையிலிருந்து ரயிலில் வந்தோம். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போரால் 1990 இல் நின்றது. மீண்டும் யாழ்ப்பாணம் வரை ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். பதுளையில் பிறந்த அம்மாவுக்கு ரயில் என்றால் மலையேறுவது. வவுனியாவுக்கு அப்பால் எந்தப் பக்கம் பார்த்தாலும் சமவெளியாகவே இருந்ததை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர், இடையிடையே உப்பளம். பரந்தனுக்கு இப்பால் ஏறிய கோப்பாய்க்கார ஐயா ஒருவர் எங்கள் நோக்கத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, முதலில் கிணற்றைப் பாருங்கள். கிணறு சரியாக இருந்தால் மட்டும் வீட்டுக்குள் போங்கள்."

திங்கள், நகரம்

கஸ்தூரியார் வீதிக்கு அருகில் ஒரு விடுதி அறை எடுத்திருக்கிறோம். நல்லூர்த் திருவிழா முடிந்துவிட்டதால் அறை வாடகை இறங்கியிருக்கிறது. திருவிழாக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் திரண்டு வருவதால் அறை கிடைப்பதே பெரிய காரியமாம். வீடு தேடுகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

இன்று முழுவதும் வீட்டுத் தரகர்களுடனும், கடைக்காரர்களுடனும், அம்மா கோயிலடியில் பிடித்துக்கொண்ட பெண்களுடனும் பேசினோம். இங்கே வாடகை குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பல ஒழுங்கைகளில் படலை பூட்டிய வீடுகள் இருக்கின்றன. உரிமையாளர்கள் கனடாவிலோ, இலண்டனிலோ, பாரிஸிலோ, சுவிற்சர்லாந்திலோ இருக்கிறார்கள். போர் துரத்திய தலைமுறையின் வீடுகள் அவை. ஆளில்லாத வீட்டில் கறையான் ஏறும், ஓடு சரியும், வளவில் பற்றை மண்டும். எனவே சிலருக்கு வாடகைப் பணத்தைவிட வீட்டில் ஆள் இருப்பதுதான் முக்கியம். நாங்கள் மிச்சம் பிடிக்கப் போகும் பணம், வேறொருவர் ஊரை விட்டுப் போனதால் கிடைக்கும் பணம் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

வாடகை குறைவென்றால் காணியும் மலிவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டுப் பணம் காணியின் மேல்தான் விழுகிறது. இங்கே காணியைப் பரப்புக் கணக்கில் பேசுகிறார்கள். ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நகருக்குள் ஒரு பரப்புக்குச் சொன்ன விலையைக் கேட்டதும், வாங்கும் பேச்சை அம்மா அத்தோடு நிறுத்திவிட்டார். வாங்குவதாக இருந்தாலும் தேசவழமைச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், எழுத்தில் தொகுக்கப்பட்ட வழக்கம் அது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் காணியை முதலில் வாங்கும் உரிமை அதில் உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் நடந்த விற்பனை பின்னால் நீதிமன்றம் வரை போகலாம்.

ஒற்றிக்கும் ஒரு வீடு சொன்னார்கள். பெரிய தொகை ஒன்றை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, தவணை முடிந்ததும் அதே தொகையைத் திரும்பப் பெறுவது. கையில் மொத்தப் பணம் இருப்பவருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் 2022 இல் ரூபாய் என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்த பிறகு, ஆண்டுக்கணக்கில் ஒரு தொகையை அப்படியே கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்

நகருக்குள்ளே வீடுகள் பார்த்தோம். சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"சொந்த ஊர் எது, பிள்ளை?" என்று ஒருவர் கேட்டார். பதுளை, பிறகு வெள்ளவத்தை என்றேன். "அப்பாவின் ஊர்?" என்றார். அதுவும் மலைநாடுதான் என்றேன். அவருடைய முகம் மாறியது. பிறகு சொல்வதாகச் சொன்னார். சொல்லமாட்டார் என்று எங்களுக்கும் தெரியும். அந்தக் கேள்வியில் விசாரிக்கப்படுவது ஊர் மட்டும் அல்ல, சாதியும் சேர்த்துத்தான். இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். மலையகத்திலிருந்து வருகிறவர்கள் இதை எதிர்பார்த்தே வர வேண்டும். கேட்காதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் பிடிக்கச் சற்றுக் காலம் எடுக்கும். அம்மா ஒழுங்கை முடியும்வரை பேசாமல் நடந்தார். சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, "வேறு வீடு பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

புதன், கிணறுகள்

ஐயா சொன்னது எவ்வளவு சரி என்று இன்று கண்டேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அந்த நன்னீர், அடியிலுள்ள உப்பு நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். புத்தூர்ப் பக்கம் உள்ள நிலாவரைக் கிணற்றில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம்: மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். அதனால் கடலை ஒட்டிய பகுதிகளில் கிணற்று நீர் சவராக இருக்கும். உள்ளே கோண்டாவில், திருநெல்வேலி, கோப்பாய்ப் பக்கம் நல்ல தண்ணீர். நகரத்துக்கே நெடுங்காலமாக அந்தப் பக்கத்துக் கிணறுகளிலிருந்துதான் நீர் போனது. 2024 இல் தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. குழாய் நீர் சில இடங்களுக்கு வந்துவிட்டது. ஒவ்வோர் ஒழுங்கையிலும் வந்துவிட்டதா என்று கேட்டே அறிய வேண்டும்.

காலையில் பாசையூரில் ஒரு வீடு பார்த்தோம். வாரம் முழுவதும் சொன்ன வாடகைகளில் அதுவே மிகக் குறைவு. மேல்மாடியில் நின்றால் கடல்நீரேரி முழுவதும் தெரிந்தது. சோளகக் காற்று சீலையைப் பிடித்து இழுத்தது. எனக்கு அங்கேயே இருந்துவிட வேண்டும் போலிருந்தது. அம்மா நேராகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்தார். சவர். அந்த வீட்டுக்காரர் நேர்மையானவர். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரை விலைக்கு வாங்குவதாகவும், குளிக்கவும் துவைக்கவும் மட்டும் கிணறு என்றும் அவரே சொன்னார். சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி சிக்காகும், குழாய்கள் துருப்பிடிக்கும். வாங்கும் தண்ணீரின் மாதச் செலவை வாடகையோடு கூட்டிப் பார்த்தேன். மலிவு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

நாங்கள் இந்த மாதத்தைத் தெரிந்தெடுத்து வந்ததற்குக் காரணமும் இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் நிரம்பியிருக்கும், எல்லாத் தண்ணீரும் இனிக்கும். நீண்ட கோடையின் கடைசியில், மழை தொடங்குமுன் வந்து குடித்தால்தான் கிணற்றின் உண்மைக் குணம் தெரியும். தையில் வீடு பார்க்க வருகிறவர்கள், புரட்டாசியில் இந்தக் கிணறு எப்படி இருக்கும் என்று பக்கத்து வளவில் கேளுங்கள். உரிமையாளரிடம் மட்டும் கேட்டால் போதாது.

பிற்பகல் கொக்குவில். ஓட்டு வீடு, முன்னால் விறாந்தை, வளவில் வேம்பும் முருங்கையும் இரண்டு பனையும். வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். சாவி அவருடைய அக்காவிடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர், ஒழுங்கையில் எல்லோரும் அவரை ரீச்சர் என்கிறார்கள். எங்கள் ஊரை அவர் கேட்கவில்லை. அம்மாவிடம் அவர் கேட்ட முதற்கேள்வி: "தங்கச்சி, மின்சாரம் நின்றால் கையால் தண்ணீர் அள்ளப் பழக்கம் உண்டா?" பதுளையில் பீலித் தண்ணீர் சுமந்து வளர்ந்தவள் என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கிணற்றுக் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

தண்ணீர் இனித்தது. நாக்குக்கு இனித்தாலே போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. தோட்டங்களுக்குப் போடும் இரசாயன உரமும், நெருக்கமாகிவிட்ட வீடுகளின் மலக்குழிகளும் இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. கைக்குழந்தை உள்ள வீட்டார் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகள் அதிகம், ஓரிடத்தில் ஊற்றியது வேறோரிடத்தில் வரும். அதனால் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை நடந்து அளந்தேன். ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுத்திருக்கிறேன். ரீச்சர் வீட்டுக் கேத்தலின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அது இந்த மண்ணின் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

வியாழன், சந்தையும் சமையலும்

விடியற்காலையில் பாசையூர் மீன் சந்தை. நண்டும் பெரிய இறாலும் இங்கே சும்மா கிடைக்கும் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். தரமானவை கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன, விலையும் அதற்கேற்ப இருக்கிறது. எங்களுக்கு மிச்சம் தருவது சூடையும் திரளியும் ஓராவும்தான். வலையிலிருந்து வந்த சூட்டோடு வாங்கினால், கொழும்பில் பனிக்கட்டியில் கிடந்த மீனுக்குக் கொடுத்ததை நினைத்து வயிறு எரிகிறது. மீன் விற்ற அக்கா ஒருவர், இந்திய இழுவைப் படகுகள் வந்து போன மறுநாள் வலையில் ஒன்றும் இருக்காது என்றார். கடலடியை வாரி இழுக்கும் அடிமடி இழுவையை 2017 இல் இலங்கை சட்டத்தால் தடைசெய்தது. இவர்களுடைய கடலில் அது இன்னும் நிற்கவில்லை. இரண்டு கரையிலும் தமிழர்கள். இந்தப் பிணக்கு இன்னும் தீராமல் இருப்பது பெரும் வேதனை.

அடுத்து திருநெல்வேலிச் சந்தை. கத்தரிக்காய், முருங்கைக்காய், பயிற்றங்காய், வாழைக்காய், மரவள்ளி, கீரை, சின்ன வெங்காயம் எல்லாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகின்றன. இவற்றை மட்டும் சமைத்தால் எங்கள் மரக்கறிச் செலவு கொழும்பில் செலவழித்ததில் பாதிக்குக் கிட்ட வரும். கரட்டும் லீக்ஸும் கோவாவும் மலைநாட்டிலிருந்து வருவதால் விலை அதிகம். பிறந்த ஊரின் கரட்டுக்கு இங்கே சொன்ன விலையைக் கேட்டு அம்மா அதைத் திரும்பக் கூடையில் வைத்தார். பால்மா, சவர்க்காரம், மின்சாதனம் போன்ற கொழும்பிலிருந்து வரும் பொருள்களில் எந்த மிச்சமும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு வந்தும் கொழும்புச் சாப்பாட்டையே சாப்பிட நினைப்பவர்களுக்கு இந்தக் குடியேற்றத்தால் பெரிய ஆதாயம் கிடைக்காது. இங்கே விளைவதைச் சாப்பிடப் பழகுகிறவர்களுக்குத்தான் ஆதாயம்.

பனம்பழக் காலம் இது. ரீச்சர் பனங்காய்ப் பணியாரம் சுட்டு வைத்திருந்தார். அந்த வாசனை விரலில் மாலைவரை இருந்தது. உண்ட பழத்தின் கொட்டைகளை அவர் எறியவில்லை, வளவின் மூலையில் பாத்தி போட்டு அடுக்கியிருக்கிறார். மழை பெய்து முளைத்தால் தை, மாசியில் பனங்கிழங்கு. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அதை இடித்தால் கூழுக்கு மா. பழச்சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பினாட்டு. போர்க்காலத்தில் பாதை அடைபட்டபோது இந்த மரங்கள்தான் பல வீடுகளின் பசியை ஆற்றின என்று ரீச்சர் சொன்னார். சீனியும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போன காலத்தைப் பற்றி அவர் பேசியபோது, எங்களுடைய நெருக்கடிக் கதையை நான் சொல்லவில்லை.

வெள்ளி

காலையில் நல்லூர். அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய்தான். மணி அடிக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் பிசகாமல் பூசை நடக்கிறது. எந்த நிலையில் உள்ளவரும் வரக்கூடிய விலையில் ஒரு கோயில் தன் அர்ச்சனையை வைத்திருப்பதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பிறகு பொது நூலகம். 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அதே இடத்தில் அதே வெள்ளைக் கட்டடம் மீண்டும் எழுந்து நிற்கிறது. வாசிப்புக் கூடத்தில் மாணவர்களும் வயதானவர்களும் அருகருகே இருந்தார்கள். கொழும்பில் வீட்டைவிட்டுச் சற்று வெளியே இருந்து வேலை செய்ய வேண்டுமானால் கோப்பிக் கடையில் காசு கொடுத்து உட்கார வேண்டியிருந்தது. இங்கே எனக்கு நூலகம் இருக்கிறது.

மாலையில் பண்ணைப் பாலத்தில் நடந்தோம். யாழ் நகரத்துக் கடல் ஆழமில்லாத, அலையில்லாத கடல்நீரேரி. குளிக்க வேண்டுமானால் காரைநகர் கசூரினாவுக்குப் போக வேண்டும். காலி முகத்திடலின் அலைச் சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இந்த அமைதியான நீர்தான் பிடித்திருக்கிறது.

சனி, கணக்கு

பணக் கணக்கை இன்று உட்கார்ந்து போட்டேன். கொக்குவில் வீட்டு வாடகை வெள்ளவத்தையில் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மின்கட்டணம் நாடு முழுவதும் ஒன்றுதான், ஆகவே பாவனையைக் குறைத்தால்தான் மிச்சம். மாதம் 60 அலகுக்குள் நின்றால் குறைந்த கட்டணப் பிரிவு, தாண்டினால் கணக்கு வேறு. நான் நாள் முழுவதும் கணினியில் இருக்கிறேன், மோட்டார் தண்ணீர் இறைக்க வேண்டும், வெயிலுக்கு மின்விசிறியும் வேண்டும். ஆகவே 60 க்குள் எங்களால் நிற்க முடியாது. ஆனால் குளிரூட்டி இல்லாமல் சமாளிக்கலாம்: ஓட்டுக் கூரையும் வேப்ப நிழலும் இருப்பதால் நண்பகலிலும் விறாந்தையில் இருக்க முடிந்தது. கொங்கிறீற் தட்டுக் கூரை உள்ள புது வீடுகளில் மாலை ஏழு மணிக்கும் சுவர் சுட்டது. பார்க்கப் போகிறவர்கள் மாலையில் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

போக்குவரத்துக்கு இரண்டு பழைய சைக்கிள் வாங்கப் போகிறோம். மேடே இல்லாத ஊர். எழுபது வயது மதிக்கத்தக்கவர்களும் சேலை கட்டிய பெண்களும் சந்தைக்குச் சைக்கிளில் போய் வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் இடம் கொடுத்தால் அவரும் பழகுவார். கொக்குவிலிலேயே ரயில் நிலையமும் இருக்கிறது.

எனக்கிருந்த பெரிய பயம் வைத்தியம். அம்மாவுக்கு நீரிழிவு, மாதம்தோறும் கிளினிக் போக வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை அரசாங்கத்துடையது, கட்டணம் இல்லை. கிளினிக் கொப்பியையும் கொழும்பிலிருந்து ஒரு கடிதத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். விடியவே போய் வரிசையில் நிற்க வேண்டும், அதுதான் விலை. கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்கு ஓடும் சிரமமும் 2025 இல் இங்கே கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளை அலுவலகம் திறந்ததோடு குறைந்துவிட்டது. என் வேலைக்குத் தேவையான ஃபைபர் இணைப்பு ரீச்சரின் ஒழுங்கை முகப்பு வரை வந்திருக்கிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்க விண்ணப்பிக்க வேண்டும். இது உறுதியான பிறகே முற்பணம் கொடுத்தேன்.

ஞாயிறு, உடன்படிக்கை

ரீச்சர் வீட்டு விறாந்தையில் தொலைபேசியில் வீட்டுக்காரரின் முகம் பார்த்துப் பேசினோம். அங்கே நள்ளிரவு. அவர் வாடகையைப் பற்றி அதிகம் பேசவில்லை. மாலையில் சுவாமி விளக்கு எரிய வேண்டும், முற்றம் கூட்ட வேண்டும், தாய் நட்ட மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேம்பை வெட்டக் கூடாது. இவைதான் அவருடைய நிபந்தனைகள்.

என் பக்கத்து நிபந்தனைகளை எழுதி வைத்திருந்தேன்: உடன்படிக்கை ஓராண்டுக்கு, நொத்தாரிசு முன்னிலையில், வீட்டை விடச் சொல்வதாக இருந்தால் மூன்று மாத அறிவித்தல், மோட்டாரும் கூரையும் பழுதானால் செலவு அவருடையது. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். பிறகு சற்றுத் தயங்கி, நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வரும்போது எங்கே தங்குவது என்று கேட்டார். தன்னுடைய சொந்த வீட்டில் தங்க அவர் என்னிடம் அனுமதி கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. முன் அறைகள் இரண்டையும் அந்த மாதம் அவர்களுக்கு விடுவதென்றும், அந்த மாத வாடகையைப் பாதியாக்குவதென்றும் ரீச்சர்தான் வழி சொன்னார். அதையும் உடன்படிக்கையில் சேர்க்கச் சொன்னேன்.

அம்மா மட்டும் ஒரு திருத்தம் கேட்டார். அந்த மாதத்தில் சமையல் தனித்தனியாக வேண்டாம், எல்லோருக்கும் ஒன்றாகத் தானே சமைப்பதாகச் சொன்னார். அதை எழுத்தில் போட வேண்டியதில்லை என்றார் ரீச்சர். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு புதன்கிழமை வருகிறது. அது சரியாக இருந்தால் வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பும் லொறி ஒன்றில் எங்கள் சாமான்கள் ஏறும்.